சீனப் பேய்க்குப் பதினாறாம் நாள்

போன மாதம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி, "ப்பா, நீங்க அடிக்கடி சொல்வீங்களே, சோயாக் கடைப் பேய், அது இதுதானா பாருங்க" என்றாள். அதேதான். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய ஹாங்காங் தொடரை இணையத்தில் ஏற்றி, கீழே மலாயில் எழுத்தும் ஓடவிட்டிருக்கிறார். ஐந்து நிமிடம் பார்ப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பேயைப் பார்த்து இல்லை, கீழே ஓடிய எழுத்தைப் பார்த்து. ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்கு முன்னால் இந்தத் தொடரைக் காண்டனீஸ் மொழியிலிருந்து தமிழாக்கி ஒரு தோட்டத்துக்கே வாயால் சொன்னவன் நான். வட்டிக்கடைக்காரன் என்று நான் சொன்ன ஆள் வைத்தியராம். அவனுடைய வைப்பாட்டி என்று நான் சொன்ன பெண், பாவம், அவனுடன் கூடப் பிறந்த தங்கையாம். அந்தத் தங்கையை ஒரு வருடத்துக்கு மேலாகத் திட்டித் தீர்த்த பெண்களை நினைத்துக்கொண்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மொத்தம் மூன்று பாகம். முதல் இரண்டும் இருக்கின்றன. கடைசிப் பாகத்தை மட்டும் யாரும் ஏற்றவில்லை. "தேடிப் பாக்கவா?" என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அதை நான் பார்த்த மாதிரி இனிமேல் பார்க்க முடியாது. ஏன் என்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

அந்த மங்கிய படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஒரு வாசனை. வீடியோ நாடா சூடானால் புது பிளாஸ்டிக் வாளியும் லேசாக அடிப்பிடித்த சோறும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவின் பழைய பட்டணப் பக்கம், ஒரு சீனர் நடத்திய வீடியோ கடையில் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியைத் தவுக்கே என்போம். கடையில் பாதி நாடா வாசனை, மீதி தவுக்கே நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. வீட்டுக்குப் போனால் அம்மா என் சட்டையை முகர்ந்து பார்த்து, "யாருக்குடா தலைவலி" என்பார். திரும்பி வந்த நாடாக்களைப் பின்னுக்குச் சுற்றி வைப்பது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தவற்றைத் துடைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி நிறைய நாடாக்களை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டங்களுக்குக் கொண்டுபோவது. இவ்வளவுதான் என் உத்தியோகம். சொந்தக்காரர்களிடம் அம்மா "வீடியோ டிப்பார்ட்மெண்டில் இருக்கிறான்" என்று சொல்லிவைத்திருந்தார்.

கோப்பெங் போகும் வழியில் இடதுபுறம் திரும்பி, பழைய ஈயக் குட்டைகளைத் தாண்டி, செம்மண் சாலையில் உள்ளே போனால் அந்தத் தோட்டம். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைவதை மூக்கே சொல்லிவிடும். மரத்தில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பால் நாற்றத்தை நாற்றம் என்று சொன்னால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கோபம் வரும். அது அவர்களுக்குச் சோற்று வாசனை. அந்த வருடம்தான் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பகலிலும் மின்சாரம் வந்திருந்தது. வீடியோ இருந்தது ஒரே ஒரு வீட்டில், மண்டோர் வேலாயுதத்தின் வீட்டில். மண்டோர் என்றால் காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை மரம் என்று பிரித்துக் கொடுத்து, நாள் முழுதும் மேற்பார்க்கிறவர். அவர் குரலுக்கு நாய்கள்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள். சிங்கப்பூரில் வேலை செய்த மகன் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. வாரம் முழுதும் எல்லாரையும் விரட்டுகிறவர், ஞாயிறு மத்தியானம் கதவைத் திறந்து போட்டுவிட்டு எல்லாரையும் உள்ளே விட்டார். விட்டுவிட்டு, தான் மட்டும் வாசல் நிலையில் சாய்ந்து, படத்துக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. மூக்குத்தி, இறுக்கிப் பின்னிய சடை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். நம் வீடுகளில் இறந்தவர் படம் என்றால் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கும். இந்தப் படத்தில் இரண்டுமே இல்லை. கண்ணாடி மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது. முதல் ஞாயிறன்று, "அண்ணி எங்கண்ணே, காணோமே?" என்று கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கா" என்றார். ஊர் என்றால் தமிழ்நாடு. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சீனத் தொடர் அந்த வீட்டுக்குள் நுழைந்தது என் தவறால். தமிழ்ப் பட நாடாக்களுக்கு எங்கள் கடையில் அடிதடி. இருப்பது இரண்டு தட்டு, கேட்பவர் நூறு பேர். ஒரு ஞாயிறு, நல்ல குடும்பப் படம் என்று சொல்லி நான் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட நாடாவில், சோயா சாஸ் ஜாடிகள் வரிசையாக வைத்திருக்கும் ஒரு முற்றத்தில் சீனப் பெண் ஒருத்தி நின்றாள். உறை மாறிப்போயிருந்தது. எழுந்து நிறுத்தப் போனேன். முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா, "இருக்கட்டும் தம்பி. வந்தது வந்துருச்சு. நீங்கதான் சீன பாசை பேசுவீங்கல்ல, சொல்லுங்க" என்றார். பாக்கியம் அக்கா பால்வெட்டு வேலை செய்பவர். மண்டோருக்கு எதிரே நின்று பேசக்கூடிய ஒரே ஆள். அவர் சொன்னால் அந்த லயத்தில் மறுபேச்சு கிடையாது.

என் காண்டனீஸ் படித்து வந்ததில்லை. அம்மா சீனர் வீடுகளில் துணி துவைக்கப் போவார். கூடவே போய் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டதில் ஒட்டிக்கொண்டது. பேரம் பேசலாம், திட்டலாம், சாப்பிட்டாயா என்று விசாரிக்கலாம். நூறு வருடத்துக்கு முந்தைய கதையில் சாமியார்கள் பேசும் காண்டனீஸுக்கு அது எந்த மூலைக்கு. ஆனால் முன்னால் இருபத்தைந்து பேர் உட்கார்ந்து வாயைப் பார்க்கும்போது, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரிந்ததைச் சொன்னேன். புரியாததை இன்னும் நன்றாகச் சொன்னேன்.

கதை இதுதான். சோயா சாஸ் காய்ச்சுகிற ஒருவனின் மனைவி, அடுப்பில் சோறு கொதிக்கும்போது வெள்ளம் வந்து செத்துப்போகிறாள். சோறு பாதியில் நிற்கிறதே என்று அவளுக்கு நிம்மதி இல்லை. தினமும் சமைக்கிற நேரத்துக்கு அடுப்படிக்கு வந்துவிடுகிறாள். யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. புருஷன் வந்து பார்த்தால் சோறு சுடச்சுட இருக்கும். அவள் சீனப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் நான் பூங்கொடி என்று வைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்ணின் பெயர் அது. அவள் என்னை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அதற்கு வஞ்சம் தீர்க்க அவளைப் பேயாக்கினேன் என்று நினைக்காதீர்கள், வாயில் முதலில் வந்த பெயர் அது. புருஷனுக்கு மாணிக்கம். மாமியாருக்குப் பெயரே வேண்டியிருக்கவில்லை, "கெழவி" என்று அவர்களே வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் தமிழ்ப் படம் கொண்டுபோனேன். "பூங்கொடி எங்க?" என்றார்கள். அதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிறுதோறும் பூங்கொடிதான். நான் படியேறும்போதே, "பசியாறிட்டீங்களா தம்பி" என்று யாராவது ஒரு தட்டை நீட்டுவார்கள். அவித்த மரவள்ளி, நெத்திலிச் சம்பல், சில நாள் இட்டலி. சாப்பிட்டு முடிக்கும்வரை நாடாவைப் போட விடமாட்டார்கள். நான் அந்த வருடம்தான் சதை போட்டேன்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தது தொடங்கி, மாமியார் சொன்ன சொல், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சண்டை வரை எல்லாவற்றையும் அவர்கள் பூங்கொடியோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். வாசல் நிலையில் இருந்த மண்டோர் மட்டும் வாயே திறப்பதில்லை. ஆனால் பூங்கொடி அடுப்படியில் நுழையும் ஒவ்வொரு முறையும் அவர் தலை லேசாகத் திரும்பும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் பாகம் முடிந்த ஞாயிறு, நான் நாடாப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மண்டோர் மோட்டார் சைக்கிள் வரைக்கும் வந்தார். அதுவரை அவர் வந்ததில்லை.

"தம்பி, இன்னும் ஒரு பாகம் இருக்குதா?"

"ஆமாண்ணே. சின்னதுதான், அஞ்சு நாடா. கடைக்கு வந்துருச்சு. அடுத்த வாரம் கொண்டு வாரேன்."

"கொண்டாராதீங்க."

நான் ஏன் என்று கேட்டேன். "கடைசின்னா அந்தப் பொண்ண அனுப்பிருவானுங்க. வேணாம்லா தம்பி. அவ இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் பாக்கியம் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, மண்டோர் மனைவி ஊரிலிருந்து எப்போது வருவார் என்று விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிவகாமி அண்ணி செத்து நாலு வருடம் ஆகிவிட்டது என்றார். தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பினாங்கிலிருந்து கப்பலேறிப் போனவர், போன இடத்தில் காய்ச்சலில் படுத்து அங்கேயே போய்விட்டார். கடிதம் இங்கே வந்து சேரும்போது அங்கே எரித்து, பதினாறும் முடிந்து, எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். மண்டோர் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை வழக்கம்போல் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இங்கே ஒரு சடங்கும் செய்யவில்லை, செய்யவும் விடவில்லை. "படத்துக்கு ஒரு பொட்டு வைக்கலாம்னு போனேன் தம்பி. வெளக்கமாத்த எடுத்துட்டாரு" என்றார் பாக்கியம் அக்கா.

அன்றிலிருந்து நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். கடைசிப் பாகம் ஹாங்காங்கில் இன்னும் எடுத்து முடிக்கவில்லை என்றேன் ஒரு வாரம். கப்பலில் வருகிறது என்றேன் அடுத்த வாரம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பூங்கொடியாக நடிக்கும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றும் ஒரு வாரம் சொன்னேன். அதற்கு அவர்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். தமிழ்ப் படங்களாகக் கொண்டுபோய்ப் போட்டேன், யாருக்கும் மனம் ஒட்டவில்லை. மண்டோர் என் பக்கம் திரும்பாமலே லேசாகத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவே பொய்யைத் தொடர்ந்தேன்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, ஒரு வேலை நாளில், பாக்கியம் அக்கா சித்தியவானில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு ஈப்போ பேருந்து நிலையத்தில் இறங்கியவர், அப்படியே எங்கள் கடைக்கு வந்து நின்றார். எனக்குப் பின்னால் தட்டில் ஐந்து நாடாவும் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. உறையில் பூங்கொடியின் படம்.

"இந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா தம்பி" என்றார்.

தவுக்கேயின் காதில் விழாமல் நடந்ததை அவரிடம் சொன்னேன். மண்டோர் சொன்ன சொல்லையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணி செத்ததிலேருந்து அந்த மனுசன் ராத்திரிச் சோறு ரெண்டு தட்டுல போடுறாரு. தெரியுமா ஒங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. "ஒரு தட்டு அப்படியே இருக்கும். காலையில நாய்க்கு வைப்பாரு. நாலு வருசமா பாத்துக்கிட்டு இருக்கோம். நீங்க கொண்டாங்க. நான் இருக்கேன்."

அந்த ஞாயிறு ஐந்து நாடாவையும் கையில் பிடித்துக்கொண்டு நான் படியேறிய லட்சணத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன். மண்டோர் நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாக்கியம் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தூரமாகப் போகவில்லை. சன்னலுக்கு வெளியே இருந்த ரம்புத்தான் மரத்தடியில் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டார். படம் தெரியாது. ஆனால் என் குரல் கேட்கும்.

நான்கு ஞாயிறுகளில் நான்கு நாடா ஓடியது. நான்கிலும் அவர் மரத்தடிதான். ஐந்தாவது ஞாயிறு ஐந்தாவது நாடா. சாமியார் ஒருவர் சோயாக் கடைக்கு வருகிறார். மாணிக்கத்தை உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசுகிறார். நூறு சொல்லில் எனக்குப் புரிந்தது "கதவு", "நீ", "சோறு" மட்டும். வெளியே ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் என் குரல் தானாக இறங்கியது. முன்வரிசைக்கே கேட்டிருக்காது.

"சத்தமா சொல்லுங்க தம்பி" என்று சன்னலுக்கு வெளியிலிருந்து மண்டோர் சொன்னார்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அவங்க போவ முடியாம தவிக்கிறாங்கன்னு சாமியார் சொல்றாரு. அடுப்படிக் கதவ மாணிக்கந்தான் சாத்தணுமாம். வேற யாரு சாத்துனாலும் அது சாத்துனதா ஆவாதாம்" என்றேன். இட்டுக்கட்டவும் தெம்பில்லை, புரிந்த மூன்று சொல்லை வைத்து ஒப்பேற்றினேன். படத்தில் மாணிக்கம் அழுதுகொண்டே கதவைச் சாத்தினான். பூங்கொடி முற்றத்து ஜாடிகளுக்கு நடுவே நடந்து போய்ப் புகையாகிவிட்டாள். எழுத்து ஓடியது.

அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது உண்மைதான். ஆனால் பாக்கியம் அக்கா எழுந்து நின்ற நிற்பில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"மூணு பாகமா அந்தப் பொம்பள ஆக்கிப் போட்டுக்கிட்டே இருந்தா. ஒருத்தனாச்சும் அவ வாயில ஒரு பிடி வச்சானா? பட்டினியால்ல அனுப்பிட்டானுங்க."

இது எனக்குத் தோன்றவே இல்லை. தொடரை எடுத்தவர்களுக்கும் தோன்றியிருக்காது. மற்றப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், சோறு கொதிக்கும்போது செத்தவள், அதில் ஒரு வாய் அவள் சாப்பிட்டதில்லை. இப்படி அனுப்பினால் அந்தப் பாவம் பார்த்தவர்களையும் பிடிக்கும். அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது: பூங்கொடிக்குப் பதினாறாம் நாள் படைக்க வேண்டும். அன்றிலிருந்து எண்ணினால் பதினாறு திங்கட்கிழமை வந்தது. திங்கட்கிழமை பால்வெட்டு உண்டு, ஆகையால் முதல் நாள் ஞாயிறே செய்துவிடலாம் என்றார்கள். நடுவில் வந்த ஞாயிறு நான் நாடாக்களோடு போனால், "துக்க வீட்டுல படம் பாப்பாங்களா தம்பி" என்று பசியாறக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவுக்கேயிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு உள்ளே போய் நான்கு ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து, இதையும் வைக்கச் சொல் என்றார்.

அந்த ஞாயிறு பாக்கியம் அக்கா வீட்டுப் பின்கட்டில் இலை போட்டார்கள். நாடாவின் உறைப் படத்தை முக்காலியில் வைத்துப் பொட்டும் வைக்கப் போனார்கள். நான் பதறிப்போய், அந்த நடிகை ஹாங்காங்கில் உயிரோடு இருக்கிறார், வேறு படத்திலும் நடித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். ஒரு நிமிடம் எல்லாரும் யோசித்தார்கள். உயிரோடு இருப்பவருக்குப் பொட்டு வைத்துப் படைப்பது பெரிய பாவம். "அப்ப படத்த எடுங்க. செம்புல தண்ணி வைப்போம்" என்றார் பாக்கியம் அக்கா. செம்பை வைத்தார்கள். சீனச்சிக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று அடுத்த பிரச்சினை. சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் எல்லாம் வைத்துவிட்டு, பக்கத்தில் சீனர் சாப்பிடும் மீ நூடுல்ஸ் ஒரு கிண்ணமும், தவுக்கே கொடுத்த ஆரஞ்சும், சர்க்கரை போடாத தேத்தண்ணியும் வைத்தார்கள். பூங்கொடியின் பாசை எனக்குத்தான் தெரியும் என்பதால், கூப்பிடும் பொறுப்பு எனக்கு. வயிறு நிறையச் சாப்பிடுங்கள் என்று காண்டனீஸில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய சுத்தமான காண்டனீஸ் அதுதான்.

அப்போது பின்வாசல் பக்கம் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். மண்டோர் வந்திருந்தார். வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் தூக்குச்சட்டி. கக்கத்தில், சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம்.

"பாக்கியம், இன்னொரு எலை இருக்குதா?" என்றார்.

அக்கா ஓடிப்போய் இலையை அறுத்து வந்து, கழுவி, பூங்கொடியின் இலைக்குப் பக்கத்தில் விரித்தார். மண்டோர் படத்தைச் சாய்த்து வைத்தார். தூக்குச்சட்டியைத் திறந்து அவரே பரிமாறினார். சோறு குழைந்திருந்தது. சுண்டைக்காய்க் குழம்பு கருத்துப்போயிருந்தது. காலையில் ஆட்களை நிரை பிரித்து அனுப்பும் அந்தக் கைக்கு, அப்பளத்தை உடையாமல் வைக்கத் தெரியவில்லை. "சுண்டக்கான்னா அவளுக்கு உசிரு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பாக்கியம் அக்கா குங்குமச் சிமிழை நீட்டினார். அவர் அதை வாங்கிப் படத்தில் பொட்டு வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி. எனக்கு வராது" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாக இருபத்தைந்து பேருக்கு நடுவில் ஓயாமல் பேசிய வாய் இது. தெரியாத பாசைக்கெல்லாம் வசனம் சொன்ன வாய். அன்று தமிழில் ஒரு சொல் வரவில்லை. நான் நின்றதைப் பார்த்து பாக்கியம் அக்காதான் குனிந்து, தண்ணீர் சுற்றி, "சாப்பிட்டுப் போங்க அண்ணி" என்றார். அவர் நகர்ந்ததும் அடுத்தவர் வந்து, "சாப்பிட்டுப் போங்கக்கா" என்றார். அதற்கடுத்தவர், "சாப்பிட்டுப் போங்க அத்தை." இப்படியே ஒவ்வொருவராக, அவரவர் முறை சொல்லி. நான்கு வருடமாக அந்தப் பெண்கள் எல்லாரும் இந்த வார்த்தையைச் சொல்ல இடமில்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

எல்லாரும் சொல்லி முடித்த பிறகு மண்டோர் வாயைத் திறந்தார். "போயிட்டு வான்னு சொல்லித்தான் கப்பல் ஏத்துனேன்" என்றார். நம் ஆட்கள் வேறு எப்படிச் சொல்வார்கள். யாரையும் வெறுமனே போ என்று சொல்வதில்லை. சொன்ன சொல்லை நம்பி அந்த மனிதர் நான்கு வருடம் இரண்டு தட்டில் சோறு போட்டிருக்கிறார். இலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சோற்றின் மேல் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார். "சாப்பிட்டுப் போ, சிவகாமி" என்றார். வா என்று சேர்க்கவில்லை.

பூங்கொடிக்குப் படைத்த மீயை எங்கள் எல்லாருக்கும் பங்கு வைத்தார்கள். மண்டோரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் நிலையில் சாயாமல் உள்ளே, பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். "சிரிப்புப் படம் எதாச்சும் இருக்குதா தம்பி" என்று கேட்டார்.

அந்த நாட்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அரைகுறைப் பாசையும் அவசரப் பொய்யுமாகப் போனவனை உட்காரவைத்துப் பசியாறக் கொடுத்து, என் உளறலை முழுக்கதையாக்கியவர்கள் அவர்கள். மண்டோர் வேலையை விட்டபின் மகனோடு போய் இருந்தார், அங்கேயே காலமானார். பாக்கியம் அக்கா சித்தியவானுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், பிறகு தகவல் இல்லை. தவுக்கேயின் கடை இருந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, லயத்தை இடித்து, இப்போது அங்கே ஒரே மாதிரி இரட்டைமாடி வீடுகள் கொண்ட தாமான், அதாவது குடியிருப்பு. ஒருமுறை போய் ரம்புத்தான் மரம் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடிப் பார்த்தேன், திசையே பிடிபடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மா போனார். பதினாறாம் நாள் காரியத்தைச் சாப்பாட்டுக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தோம். இலையில் எல்லாம் முறையாக வைத்தார், எந்த வீட்டுக்கும் வைக்கிற அதே பன்னிரண்டு வகை. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆயுள் முழுக்கச் சீனர் வீட்டில் துணி துவைத்தவருக்குப் பிடித்தது கோயித்தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸ் சூப். காலையிலேயே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தேன். அதை இலையோரம் அவிழ்த்து வைத்தபோது சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் அவர்களுக்காகக் கொஞ்சம் காத்து நின்றேன். பெண்கள் யாராவது முன்னால் வருவார்கள், ஒருவர் அக்கா என்பார், ஒருவர் அத்தை என்பார் என்று. எல்லாரும் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். பிறகு நான் குனிந்து தண்ணீர் சுற்றி, தனியாகவே சொன்னேன்: "சாப்பிட்டுப் போங்கம்மா."